பாஸ்போர்ட்டில் ‘பி.வி.’ என்று இருந்தால் அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள்

பர்மாவில் மௌல்மீனிலும் தட்டோனிலும் தாய்லாந்து வேலைக்காக ஏஜெண்டிடம் பணம் கட்டிக்கொண்டிருக்கும் நம் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டி முடித்தவர்களும் படியுங்கள். படிப்பதற்கு முன்னால் பாஸ்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படம் இருக்கும் பக்கத்தில் ‘வகை’ என்ற கட்டத்தில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். பி.ஜே. என்றால் வேலைக்குப் போகிறவர். பி.வி. என்றால் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்.

என்னுடையதில் பி.வி. என்றுதான் இருந்தது. வந்த அன்றைக்கே அம்மா அதன் மூலையில் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மூன்று மாதம் அங்கேயே இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள், படம் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். அந்த இரண்டு எழுத்தை யாரும் படிக்கவில்லை. நானும்தான்.

ஏஜெண்ட் வெளியாள் இல்லை. எங்கள் மாரியம்மன் கோயில் தீமிதியில் வருஷா வருஷம் முன்னால் நிற்பவர். அம்மாவை ‘அக்கா’ என்பார், என்னைத் ‘தங்கச்சி’ என்பார். எனக்கு அவர் ‘அண்ணன்’. அவரைப் ப்வேசா, அதாவது தரகர், என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். “நான் யாங்கோன் கம்பெனி ஆள்” என்பார். அந்தக் கம்பெனி நிஜம்தான், தொழிலாளர் அமைச்சகத்தின் லைசென்ஸ் உள்ளதுதான். இவர்தான் அந்தக் கம்பெனியின் ஆள் இல்லை.

‘இவ்வளவு ஏமாளியா நீ’ என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2023 ஜூனில் நான் தையல் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அப்போது நம் நாட்டில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 4,800 கியாட். 2018-இல் வைத்த அதே தொகை. எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தில் மாகாணத்தைப் பொறுத்து 328 முதல் 354 பாட் வரை. வெளிச்சந்தையில் ஒரு பாட் 80 கியாட்டைத் தாண்டியிருந்தது. நீங்களே பெருக்கிப் பாருங்கள், ஐந்து மடங்குக்கு மேல் வரும். அதே மெஷின், அதே ஊசி, அதே நான். இந்தக் கணக்குத் தெரிந்தவள் என்பதால்தான் ஏமாந்தேன்.

நேர்வழியும் உண்டு. பர்மாவும் தாய்லாந்தும் 2003-இல் போட்டு 2016-இல் புதுப்பித்த ஒப்பந்தம் அது, நாம் எம்.ஓ.யு. என்போம். தாய்லாந்து முதலாளி இத்தனை பேர் வேண்டும் என்று கடிதம் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள ஏஜென்சி ஆள் எடுக்க வேண்டும். பி.ஜே. பாஸ்போர்ட், ஓவிக் என்ற வெளிநாட்டுத் தொழிலாளர் அட்டை, கையெழுத்தான ஒப்பந்தம் எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு வருஷம் வேலை, மேலும் இரண்டு வருஷம் நீட்டிக்கலாம். அண்ணன் சொன்னதும் இதே கதைதான், ஒரு வார்த்தை பிசகாமல். அவர் சொன்ன விதிகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

முதல் தவணை 3 லட்சம். பாஸ்போர்ட் வந்ததும் 10 லட்சம். அதற்கு அம்மாவின் வளையலும் என் தோடும் அடகுக் கடைக்குப் போயின. இரண்டும் ரொக்கம், ரசீது கிடையாது. கேட்டபோது, “நமக்குள்ளே என்னம்மா ரசீது” என்றார். பதிலுக்கு ஒரு காகிதம் காட்டினார். தாய்லாந்தில் பாங்காக் பக்கத்து மகாச்சாயில் ஒரு தையல் ஆலை அனுப்பிய கடிதமாம். முழுக்கத் தாய் எழுத்து, நகலின் நகல். மேல் வரியில் வெள்ளை மை பூசி ஏதோ அழித்திருந்தது. 50 என்ற எண் மட்டும் எனக்குப் புரிந்தது. ஐம்பது பேரில் நாமும் ஒருத்தி என்று சந்தோஷப்பட்டேன்.

செப்டம்பரில் இன்னொரு 5 லட்சம் கேட்டார். அந்த மாதம்தான், வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் சம்பாத்தியத்தில் 25 சதவீதத்தை வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும் என்ற விதி வந்திருந்தது. அரசு சொல்லும் டாலர் விலை வேறு, சந்தை விலை வேறு என்பதால் ஊரெல்லாம் அதைப் பற்றித்தான் புலம்பல். “அதுக்கு முன்பணம் கட்டணும் தங்கச்சி, இல்லேன்னா அட்டை தர மாட்டாங்க” என்றார். அப்படி ஒரு முன்பணமே கிடையாது. அங்கே போய்ச் சம்பாதித்த பிறகு நாமே நம் கணக்கில் அனுப்புவதுதான் அந்த விதி. நல்ல காலம், அன்றைக்கு வீட்டில் ரொக்கம் இல்லாததால் அந்த 5 லட்சத்தைப் போனில் பணம் அனுப்பும் கே.பே-யில் அவர் மைத்துனர் பேருக்கு அனுப்பினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கோக்கரெய்க் வழியாக எல்லை ஊரான மியாவடி போய்ச் சேர்ந்தோம், ஏழு பெண்கள். ஒரு பெண்ணிடம் பிங்க் கார்டே, அதாவது குடியுரிமை அட்டையே, இல்லை. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்மில் எத்தனை குடும்பம் அந்த அட்டைக்காக அலைகிறது என்று உங்களுக்கே தெரியும். அவளிடம் மட்டும் அண்ணன், “கார்டு இல்லாட்டியும் பரவாயில்லை” என்று சொல்லிக் கூடுதலாக வாங்கியிருந்தார். எனக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும்.

எல்லைப் பாலத்தருகே எம்.ஓ.யு. ஆட்கள் கழுத்தில் அட்டையோடு வரிசையாக நின்றார்கள். எங்களை அந்த வரிசைக்கு விடவில்லை. இன்னொரு ஜன்னலில் படம் எடுத்து ஒரு காகிதம் கொடுத்தார்கள். எல்லையை ஒட்டிய பகுதிக்குள் மட்டும் செல்லும் 7 நாள் பாஸ். “ரெண்டு நாள் மே சோட்டில் தங்குங்க, வேன் வரும்” என்று பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரைச் சொல்லி, எங்கள் பாஸ்போர்ட்டுகளை அண்ணன் வாங்கிக்கொண்டார். வேன் வரவே இல்லை. எல்லையான மோய் ஆற்றைத் தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு மாடிக் கட்டடத்தில் தைக்க உட்கார வைத்தார்கள். நாளுக்கு 180 பாட், அதில் சாப்பாட்டுக்கு 40 பிடித்தம். அங்கிருந்து உள்நாட்டுக்குப் போகும் சாலையில் சோதனைச் சாவடிகள். அந்தப் பாஸை வைத்துக்கொண்டு மகாச்சாயைக் கனவில்தான் பார்க்கலாம்.

எல்லைப் பாஸை வைத்தே சட்டப்படி வேலை செய்யவும் ஒரு வழி இருக்கிறது. தாய்லாந்தின் 2017 சட்டத்தில் 64-ஆம் பிரிவு, மூன்று மாத அனுமதி. எங்கள் முதலாளி அதுவும் எடுக்கவில்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னது பக்கத்து மெஷினில் தைத்த ஒரு மொன் இனப் பெண். தாய் எழுத்து படிக்கத் தெரிந்தவள். என் போனில் இருந்த அந்தக் கடிதத்தின் படத்தைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தே விட்டாள். மரம் அறுக்கும் மில்லுக்கு 50 ஆண்கள் வேண்டும் என்று எழுதியிருந்ததாம்.

என் பாட்டியின் அப்பாவும் இப்படி ஒரு மேஸ்திரியின் முன்பணத்தில்தான் ரங்கூன் அரிசி மில்லுக்கு வந்தார். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937-இல் பிரியும் வரை மெட்ராஸிலிருந்து கப்பல் ஏறுவது உள்ளூர்ப் பயணம் மாதிரி. எல்லை இல்லாத காலத்தில் கடனால் கட்டினார்கள். எல்லை வந்த பிறகு காகிதத்தால் கட்டுகிறார்கள். ஆசியான் நாடுகள் ஒரே சமூகம் என்று பேசுவார்கள். தகுதியை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ள ஒப்பந்தம் போட்டது என்ஜினியர், டாக்டர், நர்ஸ், கணக்காளர் என்று எட்டுத் துறைக்கு. தையல் மெஷின் அந்தப் பட்டியலில் இல்லை.

நான்கு மாதம் கழித்து மே சோட்டில் ஒரு தொழிலாளர் உதவி அமைப்புதான் எங்களை மீட்டது. காகிதம் இருக்கிறதோ இல்லையோ, தாய்லாந்தில் வேலை செய்தவருக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு, தொழிலாளியின் பாஸ்போர்ட்டை யாரும் பிடித்து வைக்கக் கூடாது என்றார்கள். அவர்கள் போய்ப் பேசிய மறுநாளே எங்கள் பாஸ்போர்ட்டுகள் வந்துவிட்டன. இத்தனை நாளும் முதலாளியின் மேஜை டிராயரில்தான் இருந்திருக்கின்றன. கூலி பாக்கியில் பாதிக்கு ஒத்துக்கொண்டு வந்தோம். மீதிக்கு வழக்குப் போட அங்கேயே தங்க வேண்டும், எங்களால் முடியவில்லை.

ஊர் திரும்பி யாங்கோன் கம்பெனிக்குப் போன் செய்தால், “அப்படி ஒரு ஆளே எங்களிடம் இல்லை” என்றார்கள். இந்த ஒரு போனை நான் முதல் தவணைக்கு முன்னால் செய்திருந்தால் 18 லட்சம் மிஞ்சியிருக்கும். தொழிலாளர் அலுவலகத்தில் முதல் கேள்வியே ரசீதுதான். 13 லட்சத்துக்கு என்னிடம் அண்ணனின் வாய்ப்பேச்சு மட்டும்தான் இருந்தது. 5 லட்சத்துக்குக் கே.பே. பதிவு இருந்தது. அதைக் காட்டியதும் மைத்துனர் பதறிப்போய் மூன்று தவணையில் திருப்பிக் கொடுத்தார். வளையல் மீளவில்லை.

இப்போது நிலைமை இன்னும் மோசம். 2024-இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. மே மாதம் ஆண்களுக்கு வெளிநாட்டு வேலை அனுமதியை நிறுத்தினார்கள். நேர்வழி அடைபட்டதும் ப்வேசாக்களின் விலை ஏறிவிட்டது. ‘கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலை, இங்கிலீஷ் தெரிந்தால் போதும், மியாவடி பக்கம்தான்’ என்று யாராவது சொன்னால் அங்கே பேச்சையே நிறுத்திவிடுங்கள். ஆட்களை அடைத்து வைத்து இணைய மோசடி செய்ய வைக்கும் ஷ்வே கொக்கோ, கே.கே. பார்க் போன்ற வளாகங்கள் அதே ஆற்றங்கரையில்தான் முளைத்தன. எங்களைப் போல நான்கு மாதத்தில் வெளியே வருவதெல்லாம் அங்கே நடக்காது.

அண்ணன் இந்த வருஷமும் தீமிதியில் முன்னால்தான் நின்றார். “தங்கச்சிக்குப் பொறுமை இல்லை அக்கா, இன்னும் ரெண்டு மாசம் இருந்திருந்தா மகாச்சாய் போயிருப்பா” என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அதைப் பாதி நம்பியும்விட்டார், அது வேறு கதை.

போன வாரம் பக்கத்துத் தெருப் பையன், 22 வயது, பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினான். பி.வி. ஏற்கெனவே 7 லட்சம் கொடுத்துவிட்டானாம். மீதியை வாங்க ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் அவன் வீட்டுக்கு வருகிறார். நானும் அங்கே இருப்பேன்.