ஸ்பைக் டெமோ காட்டுகிறார்கள் என்றால் ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் எண்ணைப் பாருங்கள்

டவர் ஸ்பீக்கர், அதாவது தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர், வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. ஸ்பீக்கருக்கு அடியில் பொருத்தும் ஸ்பைக், அதாவது கூர்முனைக் கால்கள், வாங்கினால் சத்தம் அடியோடு மாறிவிடும் என்று சொல்லி என்னிடம் ஒரு செட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள். ஸ்பீக்கர் விலையில் ஏறக்குறைய கால்வாசி. பணம் போனது ஒரு பக்கம், ஸ்பீக்கரின் அடிப்பாகமும் தரையும் கெட்டது இன்னொரு பக்கம். கடையின் பெயர் வேண்டாம். இதே வித்தையை யார் வேண்டுமானாலும் காட்டலாம் என்பதால் எப்படி நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என் அறையில் பேஸ், அதாவது தாழ்ந்த சுருதிச் சத்தம், கும்மென்று ஒரே சுருதியில் ஓங்கி ஒலிக்கும். அதைச் சொன்னதும் கடைக்காரர், "சார், ஸ்பீக்கரோட அதிர்வு தரைக்குப் போய்த் திரும்பி வருது. எங்க ஸ்பைக் மெக்கானிக்கல் டயோடு. கீழே விடும், மேலே விடாது" என்றார். வீட்டுக்கே வந்து பொருத்தி, முன்னும் பின்னும் கேட்க வைப்பதாகவும் சொன்னார்.

வந்தார்கள். முதலில் ஒரு பாட்டு போட்டுக் காட்டினார்கள். பிறகு ஸ்பீக்கரைச் சாய்த்து, பழைய ரப்பர் கால்களைக் கழற்றி, பித்தளை ஸ்பைக்கை முறுக்கினார்கள். அதே பாட்டு மறுபடியும். நிஜமாகவே நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. கும்மென்ற சத்தம் குறைந்திருந்தது, குரல் முன்னால் வந்து நின்றது. பணம் கொடுத்தாயிற்று.

அவர்கள் போன பிறகு தரையைத் துடைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். ஸ்பீக்கர் பல மாதம் நின்ற இடத்தில் தூசியில் சதுரமாக ஒரு அச்சு. ஸ்பீக்கர் நிற்பதோ அதற்கு ஒரு சாண் முன்னால். இரண்டும் அப்படித்தான், போதாக்குறைக்கு நான் உட்காரும் பக்கம் உள்நோக்கித் திருப்பியும் இருந்தது. வேலை நடந்ததை மகள் போனில் வீடியோ எடுத்திருந்தாள். அதை ஓட்டிப் பார்த்தேன். முதல் பாட்டுக்கு ஆம்ப்ளிஃபையர் திரையில் வால்யூம் -32 டெசிபல். ஸ்பைக் போட்ட பிறகு -29, அதாவது 3 டெசிபல் கூட.

3 டெசிபல் என்றால் ஆம்ப்ளிஃபையர் கொடுக்கும் பவர் இரண்டு மடங்கு. சத்தம் ஏற ஏற, தாழ்ந்த சுருதிகள் காதுக்கு இன்னும் நிறைவாகக் கேட்கும். 1933-இலேயே ஃப்ளெட்ச்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து வரைந்த விஷயம் இது. கொஞ்சம் ஓங்கி ஒலிப்பதைக் காது 'நன்றாக இருக்கிறது' என்றுதான் எடுத்துக்கொள்ளும். போதாததற்கு நடுவில் ஸ்பேனர் வேலை வேறு அரை மணி நேரத்துக்கு மேல். முதலில் கேட்டது எப்படி இருந்தது என்று அதற்குள் யாருக்கு நினைவிருக்கும்?

சந்தேகம் தீர ஒரு அளவீட்டு மைக்கை இரவல் வாங்கி, அறையின் ஒலியை அளந்து வரைபடமாகக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கரைத் தூசி அச்சுக்கே தள்ளி வைத்து ஸ்பைக்கோடு ஒரு தடவை, ரப்பர் காலோடு ஒரு தடவை. வரைபடத்தின் பேஸ் பகுதியில் ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு அப்படியே படிந்தது. 43 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருந்த மேடு அசையவே இல்லை. அசையவும் அசையாது. ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், 4 மீட்டர் நீள அறைக்கு 43 ஹெர்ட்ஸ் வரும். அது எதிரெதிர்ச் சுவர்கள் சேர்ந்து செய்கிற வேலை. ஸ்பீக்கருக்குக் கீழே என்ன வைத்தாலும் சுவர் நகராதே! ஆனால் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்ததும் மேடு தாழ்ந்தது, ரப்பர் காலிலும்தான். எனக்குக் கேட்ட முன்னேற்றம் உண்மையானது. அதற்குக் காசே தேவையில்லை என்பதைத்தான் மறைத்துவிட்டார்கள்.

'டயோடு' கதைக்கு வருவோம். இறுக்கமாக இணைந்த இரண்டு திடப்பொருள்களுக்கு நடுவே அதிர்வு இரண்டு பக்கமும் போகும். முனை கூராக இருப்பதால் ஒருவழிப் பாதை ஆகிவிடாது. 'பெட்டி பின்வாங்குவதை ஸ்பைக் தடுக்கும்' என்ற இன்னொரு வாதமும் உண்டு. பேஸ் எழுப்பும் வூஃபரின் 20 கிராம் எடையுள்ள கூம்பு 5 மில்லிமீட்டர் முன்னால் போனால், 24 கிலோ பெட்டி பின்னால் போகக்கூடியது சுமார் 0.004 மில்லிமீட்டர். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஸ்பைக்கே மோசடி என்று சொல்ல வரவில்லை. தடித்த கார்பெட்டின் மேல் உயரமான ஸ்பீக்கர் தள்ளாடும். ஸ்பைக் கார்பெட்டைத் துளைத்துக்கொண்டு கீழே உள்ள கெட்டித் தரையில் ஊன்றி அதை நிறுத்தும். உருப்படியான வேலை அது, பல கம்பெனிகள் அதற்காகவே பெட்டிக்குள் ஒரு செட் போட்டே தருகின்றன. கீழே வெற்றிடம் உள்ள மரப்பலகைத் தரையில் கதை தலைகீழ். அங்கே ஸ்பைக் அதிர்வைப் பலகைக்கு இன்னும் நன்றாகக் கடத்தி, பலகையே முனக ஆரம்பிக்கலாம், மெத்தென்ற ரப்பர் கால்தான் அங்கே சரி. கான்கிரீட் மேல் டைல்ஸ் போட்ட என் அறை மாதிரியான இடத்தில் ஸ்பைக்குக்கு வேலையே கிடையாது.

சேதத்துக்கு வருகிறேன், எனக்கு அதிகம் எரிச்சல் அதில்தான். என் ஸ்பீக்கருக்கு எம்6 மரை, கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. அவர்கள் கொண்டுவந்தது கால் அங்குல மரை. எம்6 என்றால் விட்டம் 6 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். கால் அங்குலம் 6.35, இடைவெளி 1.27. பார்வைக்கு அண்ணன் தம்பி, உள்ளே போனால் பகை. கையால் இரண்டு சுற்றுக்கு மேல் போகவில்லை என்றதும் ஸ்பேனரைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் பதித்திருந்த பித்தளை மரை ஒரு மூலையில் பிய்ந்து, இப்போது ஸ்பைக்கோடு சேர்ந்து சும்மா சுற்றுகிறது. தாழ்ந்த சுருதி வரும்போது அந்த மூலை கிர்ரென்று அதிரும். சத்தத்தைச் சுத்தப்படுத்த வந்த பொருள்! மற்றவை பாதி ஏறி நின்றுவிட்டதால் லாக் நட்டும் பிடிக்கவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் நிற்க மாட்டேன் என்கிறது.

தரை? முனைக்கு அடியில் வைக்கும் வட்டத் தட்டு கேட்டேன். "டைல்ஸ் கல்லு மாதிரி சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். 24 கிலோவை நாலு முனை தாங்கினால் ஒன்றுக்கு 6 கிலோ. முனை ஒரு சதுர மில்லிமீட்டர் என்று வைத்தாலும் சதுர சென்டிமீட்டருக்கு 600 கிலோ அழுத்தம். பொருத்திய பிறகு தூக்காமல் இழுத்திருக்கிறார்கள். ஒரு டைல்ஸில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு வளைவாகக் கீறல், இன்னொன்றில் மேல்பூச்சு பெயர்ந்து மிளகு அளவு வெள்ளைப் பள்ளம்.

போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் பதில்: "ஸ்பைக் செட்டாக 200 மணி நேரம் ஓடணும் சார்." இராப்பகலாக நிறுத்தாமல் ஓட்டினாலும் அது எட்டு நாளைத் தாண்டும். பில்லில் பொருளைத் திருப்பித் தர இருந்த அவகாசம் ஏழு நாள். பில்லைத் திருப்பிப் பார்த்தால் 'ஆடியோ துணைப்பொருள்' என்று மட்டும் போட்டிருக்கிறது. மரை அளவு கிடையாது, பொருத்துகூலி கிடையாது. பிய்ந்த மரையின் படத்தை அனுப்பினேன், "பொருத்திய பிறகு திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார்கள். கீறலுக்குப் பதிலே இல்லை.

யாராவது உங்கள் வீட்டுக்கு டெமோ காட்ட வந்தால், ஸ்பீக்கரைத் தொடும் முன்பே நாலு மூலையிலும் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள், வால்யூம் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மரை அளவைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கையால் திருகி முழுதாக ஏறாத ஸ்பைக்கை ஸ்பேனரால் தொடவே விடாதீர்கள். ஸ்பீக்கரோடு வந்த அகலமான அடிப்பீடத்தைக் கழற்றிவிட்டு ஸ்பைக் போடலாம் என்று சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். குழந்தை பிடித்து இழுத்தால் சாயாமல் இருப்பதற்குத்தான் அந்த அகலம்.

கடைசியாகக் கடையிலிருந்து வந்த மெயிலில் ஒரு சலுகை இருந்தது: இந்த ஸ்பைக்கைக் கொடுத்துவிட்டு மேல் மாடலை எடுத்துக்கொள்ளலாமாம், வித்தியாசத் தொகையை மட்டும் கட்டினால் போதுமாம். அதில் டயோடு இரண்டு அடுக்காம்.