‘வகே தெவா நை’ பாடம்: குறிப்பேடு சுமார், சென்செய் அருமை

தோக்கியோ அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் பக்கத்து மேசைக்காரர் கேட்டார், "தினமும் கறிதான் சாப்பிடுவீர்களா?" நான் "இயே, தபேமாசென்" என்றேன். இல்லை, சாப்பிட மாட்டேன். பேச்சு அங்கேயே செத்துவிட்டது. இத்தனைக்கும் கறி ரைஸ் என்ற குழம்புச் சோற்றை வாரம் தவறாமல் வாங்குபவர் அவர்தான்!

அந்த வாரமே இந்த ஜப்பானிய மொழி இணைய வகுப்பில் சேர்ந்தேன். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் ஐந்து நிலைகளில் நடுநிலைக்கானது. பதிவு செய்த பாடங்கள், ஒரு குறிப்பேடு, வாரம் ஒருமுறை சென்செயோடு, அதாவது ஆசிரியரோடு, அரை மணி நேரப் பேச்சு.

எனக்கு வேண்டியிருந்தது 'வகே தெவா நை'. ஒருவர் தப்பாக ஊகித்துக்கொண்டதை முகத்தில் அடித்தாற்போல மறுக்காமல், மெல்ல விலக்கிவிடும் அமைப்பு. "மைனிச்சி தபேரு வகே தெவா நை" என்றால் தினமும் சாப்பிடுவேன் என்றில்லை. அவ்வப்போது சாப்பிடுவேன் என்பது தானாகவே புரிந்துவிடும்.

குறிப்பேடு சொதப்புவது இங்கேதான். இதோடு 'வகே கா நை', 'வகே நி வா இக்கனை' இரண்டையும் சேர்த்து ஒரே அட்டவணையில் அடைத்திருக்கிறார்கள். முன்னது 'வாய்ப்பே இல்லை' என்று அடித்துச் சொல்வது. பின்னது மனசு இருந்தாலும் சூழ்நிலை விடாதபோது சொல்வது. மூன்றும் குழம்பி, ஒரு வாரம் எதையுமே சொல்லத் துணியவில்லை. தேர்வில் பேச்சுப் பகுதி கிடையாது என்பதால் நாலில் ஒன்றை டிக் அடிக்க வைத்து முடித்துவிடுகிறார்கள். விளக்கமும் ஆங்கிலம் வழியாகச் சுற்றி வருகிறது. நமக்கு அது எதற்கு? "பிடிக்காது என்றில்லை" என்பதுதான் "கிராய் நா வகே தெவா நை". மறுப்பு வந்து நிற்கும் இடம்கூட ஒன்றேதான், கடைசியில். நடுவில் வரும் 'நா'வை மட்டும் நான் இன்னும் விழுங்கிவிடுகிறேன்.

கொடுத்த காசு சென்செய்க்குத் தகும். கோபமா என்று கேட்டால் "பெட்சுனி" (அப்படியொன்றும் இல்லை) என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாதீர்கள், வெடுக்கென்று இருக்கும் என்றார். "பெட்சுனி ஒகொத்தே இரு வகே ஜா நை" என்று முழுசாகச் சொன்னால் "கோபமெல்லாம் ஒன்றுமில்லை" என்று இறங்கிவிடுகிறது ('தெவா'தான் பேச்சில் 'ஜா' ஆகிறது). அப்புறம் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் வால் ஒன்று கற்றுத்தந்தார்: 'ந் தெசு கெதோ'. கெதோ என்றால் 'ஆனால்'. அதற்குப் பிறகு எதுவும் சொல்லாமல் நிறுத்திவிட வேண்டும், மிச்சத்தைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். அந்த நிறுத்தத்தை மட்டும் என்னை ஒரு வகுப்பு முழுக்கச் சொல்லவைத்தார். குறிப்பேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

குறிப்பேட்டைத் தனியாகவும் விற்கிறார்கள். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கவே கூடாது என்றில்லை, ஆனா…