கிழங்கை நம்பி 3 வருடம் ஓடிய கணக்கு

முதல் வருடம் முழுக்க நான் அரைப் பட்டினியில்தான் ஓடிக்கொண்டிருந்தேன். அது பட்டினி என்றே எனக்குத் தெரியவில்லை. தட்டு நிறைந்திருக்கும், வயிறும் முட்டியிருக்கும். ஆனாலும் லாங் ரன்னில் 14ஆவது கிலோமீட்டரைத் தாண்டினால் காலில் கல்லைக் கட்டிவிட்டதுபோல் ஆகிவிடும். ஷூ சரியில்லை, தூக்கம் போதவில்லை, வெயில் அதிகம் என்று ஒவ்வொன்றின்மேலும் பழிபோட்டுப் பார்த்தேன். சாப்பாட்டின்மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. மைதா, சர்க்கரை, பாக்கெட் உணவு எல்லாவற்றையும் விட்டாயிற்று, தானியத்தையும் வெகுவாகக் குறைத்தாயிற்று, உருளை, சர்க்கரைவள்ளி, பரங்கி, பீட்ரூட் என்று மண்ணில் விளைந்ததை அப்படியே வேகவைத்துச் சாப்பிடுகிறவனுக்குச் சாப்பாட்டில் என்ன குறை இருக்க முடியும் என்ற மிதப்பு.

மிதப்பை இறக்கியது சமையலறைத் தராசு. என் எடை 60 கிலோ. வாரத்தில் 4 நாள் ஓட்டம், மொத்தம் 50 கிலோமீட்டர் பக்கம். தினமும் ஒரு மணி நேரம் அளவில் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் கார்போஹைட்ரேட் வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நடுவில் 6 என்று வைத்துக்கொண்டால் எனக்கு ஒரு நாளைக்கு 360 கிராம். வேகவைத்த உருளைக்கிழங்கில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம்தான் கார்போஹைட்ரேட், மீதி பெரும்பாலும் தண்ணீர். 360 கிராமையும் உருளையிலேயே எடுக்க வேண்டுமென்றால் 1.8 கிலோ தின்ன வேண்டும். பரங்கிக்காயில் 100 கிராமுக்கு 5 கிராம்தான் தேறும். அதை மட்டும் நம்பினால் 7 கிலோவுக்கு மேல். நான் அதுவரை பரங்கியையும் பீட்ரூட்டையும் கேரட்டையும் 'கார்ப்' கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்ததில் ஒரு நாள்கூட 200 கிராமைத் தாண்டவில்லை.

இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டும் பசிக்காததற்குக் காரணம் கிழங்குதான். சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995இல் 38 உணவுகளை எடுத்துக்கொண்டு, ஒரே கலோரி அளவில் கொடுத்தால் எது எவ்வளவு வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது என்று மதிப்பெண் போட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100. வேகவைத்த உருளைக்கிழங்கு 323 வாங்கி முதலிடத்தில் நின்றது. எடை குறைக்க நினைப்பவருக்கு இது வரம். மறுநாள் காலை 24 கிலோமீட்டர் ஓட வேண்டியவனுக்கு இதுவே வினை, ஏனென்றால் தேவையான அளவு உள்ளே போவதற்குமுன் வயிறு போதும் என்று சொல்லிவிடும். அதனால் எந்தக் கிழங்கைப் பற்றிச் சொன்னாலும் நான் இப்போது முதலில் பார்ப்பது 100 கிராமில் எவ்வளவு கார்ப், பிறகு எவ்வளவு நார், அதன்பிறகுதான் மற்ற பெருமைகள்.

அந்தக் கணக்கில் முதலிடம் மரவள்ளிக்கு. பச்சையாக நிறுத்தால் 100 கிராமில் 38 கிராம் கார்ப், நார் 2 கிராமுக்கும் குறைவு. பந்தயத்துக்கு முந்தைய இரண்டு நாளும் என் மதிய உணவு இதுதான். ஆனால் சோம்பேறிகளுக்கு ஆகாத கிழங்கு இது. லினமரின் என்ற பொருள் இதில் இருக்கிறது, அதிலிருந்து சயனைடு உண்டாகும். தோலைத் தடிமனாகச் சீவி, சிறு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடி போடாமல் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசப்பு தட்டினால் தூக்கிப் போடுங்கள். ஓடப்போகும் காலையில் இது வேண்டாம். களிமண்போல வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும், என் வயிற்றில் அப்படித்தான் உட்கார்ந்தது.

சேம்பும் கார்ப்பில் குறைந்ததல்ல. வெந்த சேப்பங்கிழங்கில் 100 கிராமுக்கு 34 கிராம் அளவுக்கு இருக்கிறது, ஆனால் நாரும் 5 கிராம். ஓட்டமில்லாத நாளுக்கு ஏற்றது. ஒருமுறை அவசரத்தில் சரியாக வேகாததைச் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால்சியம் ஆக்ஸலேட் ஊசி ஊசியாக அதில் இருக்கிறது, தண்ணீர் குடித்தெல்லாம் அடங்காது. விரலால் அழுத்தினால் நசுங்கும் பதம் வரும்வரை அடுப்பை அணைக்காதீர்கள்.

வள்ளிக்கிழங்கு வகைகள் (ஆங்கிலத்தில் யாம், சர்க்கரைவள்ளி வேறு) 27 கிராமுக்குப் பக்கம், நடுத்தரம். உசைன் போல்ட்டின் வேகத்துக்கு ஊர் வள்ளிக்கிழங்குதான் காரணம் என்று அவர் தந்தை 2008 ஒலிம்பிக்குக்குப் பிறகு சொன்னது உலகம் முழுக்கச் செய்தியானது. நானும் ஒரு மாதம் விடாமல் சாப்பிட்டேன். என் 5 கிலோமீட்டர் நேரத்தில் ஒரு விநாடி மாற்றம் இல்லை.

வாழைக்காயைக் கிழங்கோடு சேர்க்கலாமா என்று சண்டைக்கு வராதீர்கள், என் தட்டில் சேர்த்தாயிற்று. வெந்தால் 30 கிராமுக்குச் சற்று மேல். காயாக இருக்கும்போது மாவுச்சத்து, பழுக்கப் பழுக்க அதுவே சர்க்கரை. பாதி பழுத்ததுதான் காலை ஓட்டத்துக்கு எனக்கு ஒத்துப்போகிறது.

சர்க்கரைவள்ளியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், நான் அதிகம் தின்றதும் அதிகம் பட்டதும் அதனிடம்தான். கார்ப் உருளைக்குக் கிட்டத்தட்ட சமம், 100 கிராமில் 18 முதல் 20. சமைக்கும் விதத்தில் ஆளே மாறிவிடும். மிதமான சூட்டில் மெதுவாகச் சுட்டால் அதிலுள்ள நொதி மாவுச்சத்தை மால்டோஸாக உடைத்துத் தேன்போல் ஆக்கிவிடுகிறது, ரத்தத்திலும் சர்க்கரை வேகமாக ஏறும். தண்ணீரில் வேகவைத்தால் நிதானமாக ஏறும். அதனால் ஓட்டத்துக்கு முன்பும் ஓடி முடித்த கையோடும் சுட்டது, சாதாரண நாளில் வேகவைத்தது. இதுவரை நல்ல கதை. இதில் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் இருக்கிறது, சிலருக்கு அது குடலில் சரியாக உறிஞ்சப்படாது. நான் அந்தச் சிலரில் ஒருவன் என்பது ஒரு ஹாஃப் மாரத்தானின் 11ஆவது கிலோமீட்டரில் தெரிந்தது. முந்தைய இரவு 600 கிராம் தின்றிருந்தேன். மீதிக் கதையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு வேளைக்கு 150 கிராமோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொரு கூத்தும் இதனால்தான். ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளி, பரங்கி, கேரட் மூன்றையும் தினமும் 5 மாதம் தின்றதில் உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகிவிட்டன. மஞ்சள் காமாலை என்று வீட்டில் ஒரே கலவரம். மருத்துவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், கண் வெள்ளையாகவே இருந்தது. என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரே கேள்விதான் கேட்டார். பீட்டா கரோட்டின் தோலில் தங்கியதால் வந்த நிறம், ஆபத்தில்லை என்றார். குறைத்த பிறகு பழைய நிறம் திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

பீட்ரூட்டை நான் கார்ப் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன், 10 கிராமுக்கு மேல் அதில் கிடையாது. ஆக்ஸிஜனைத் தசை சிக்கனமாகச் செலவழிக்க உதவுவதாகச் சொல்லப்படும் நைட்ரேட்டுக்காக வேகமான பயிற்சிக்கு இரண்டரை மணி நேரம் முன்பு ஜூஸாகக் குடிக்கிறேன். சிலருக்குச் சிறுநீர் சிவக்கும், பயந்துவிடாதீர்கள்.

இத்தனை சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது சாதாரண உருளைக்கிழங்கிடம்தான். நார் குறைவு, பொட்டாசியம் நிறைய, தோலை உரித்துவிட்டால் வயிற்றுக்கும் தொந்தரவில்லை. பச்சை படர்ந்ததையும் முளைவிட்டதையும் ஒதுக்க வேண்டும் என்பது தவிர எச்சரிக்கையும் அதிகமில்லை. ஒரே ஒரு தவறை மட்டும் மாதக்கணக்கில் செய்தேன். ராத்திரியே வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் ஜில்லென்று சாப்பிட்டுவிட்டு ஓடுவேன். வெந்த உருளை ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறிவிடும். அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதித்து வாயுவாகும். மற்ற நாளில் குடலுக்கு நல்லது, ஓட்டத்தின் நடுவில் நல்லதல்ல. காலையில் எழுந்ததும் புதிதாக வேகவைத்து, சூடாக, உப்புத் தூவி, ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன் 300 கிராம். இந்த ஒரு மாற்றத்தில் வயிற்றுப் பிரச்சினை பாதி போயிற்று.

ஓடி முடித்த பிறகும் அதே 300 கிராம், அதாவது 60 கிராம் கார்ப். கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் முதல் மணி நேரத்தில் உள்ளே போனால் கிளைக்கோஜன், அதாவது தசையில் சேமிப்பாக இருக்கும் கார்ப், வேகமாக நிரம்புகிறது. கூடவே இரண்டு முட்டை. கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொள்ளும். பந்தயத்துக்கு முந்தைய நாள் எடை ஒரு கிலோவுக்குமேல் ஏறியிருப்பதைப் பார்த்து முன்பெல்லாம் இரவுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வேன். என்ன மடத்தனம்.

ஓடும்போதே கிழங்கு சாப்பிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பயிற்சி பெற்ற 12 சைக்கிள் வீரர்களை வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 60 கிராம் கார்ப், ஒருமுறை ஜெல்லாக (பாக்கெட்டிலிருந்து பிழிந்து விழுங்கும் சர்க்கரைக் கூழ்), ஒருமுறை உருளை மசியலாக. செயல்திறன் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. மசியலில் வயிற்று உப்புசம் அதிகம், அளவு அதிகமல்லவா. என் அனுபவமும் அச்சுப்பிசகாமல் அதேதான், அதுவும் சைக்கிளைவிட ஓட்டத்தில் வயிறு கூடுதலாகக் குலுங்கும்.

செய்முறை: தோலோடு வேகவைத்து, சூட்டிலேயே உரித்து, கையால் மசித்து, உப்புப் போட்டு, வேகவைத்த தண்ணீரையே ஊற்றிக் கரண்டியிலிருந்து வழியும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். மிக்ஸியில் போடாதீர்கள், பசையாகிவிடும். போஸ்டர் ஒட்டலாம், விழுங்க முடியாது. சிறு ஜிப் பையில் நிரப்பி, மூலையைக் கடித்துப் பிழிந்துகொள்ளலாம். முதல் தடவை 17ஆவது கிலோமீட்டரில் மூலைக்குப் பதில் பக்கவாட்டுத் தையல் பிரிந்து, முழங்கை வரை மசியல். வாட்ச் திரையைத் துடைக்கத் துடைக்க வெள்ளையாகிக்கொண்டே வந்தது, அன்று என்ன பேஸில் ஓடினேன் என்று இன்றும் தெரியாது. இப்போது மூடியுள்ள மெல்லிய பிழியும் பை வைத்திருக்கிறேன்.

ஹாஃப் மாரத்தானுக்கு இது தாராளம். முழு மாரத்தானுக்கு என் வேகத்தில் நாலேகால் மணி நேரம் ஆகும். மணிக்கு 60 கிராம் என்றால் ஒன்றேகால் கிலோ மசியலை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட வேண்டும், நடக்கிற காரியமா? முதல் இரண்டு மணி நேரத்துக்கு மசியல், பிறகு விதை எடுத்த பேரீச்சம்பழம் என்று பிரித்துக்கொண்டேன். 100 கிராம் பேரீச்சையில் 75 கிராம் கார்ப் இருக்கிறது, எடை மிச்சம். இருந்தும் 35 கிலோமீட்டருக்குமேல் எதையும் மெல்ல வாய் வருவதில்லை. அதற்காக ஷார்ட்ஸின் பின்பக்க ஜேபியில் ஒரே ஒரு ஜெல் பாக்கெட் போட்டுவைத்திருக்கிறேன். ஜெல் சாப்பிடுகிறவர்களை நான் எவ்வளவு கிண்டல் செய்தவன் என்பது கூட ஓடுகிறவர்களுக்குத் தெரியும் என்பதால் வெளியே சொல்வதில்லை. கடந்த இரண்டு பந்தயத்திலும் அதைப் பிரிக்கவில்லை. அடுத்ததற்குமுன் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும்.