கேட்காமலே காட்டுவதா, கேட்டால் கொடுப்பதா? ஆராய்ச்சிப் பணத்துக்கு இரண்டு கணக்குமுறைகள்

புதுச்சேரி கோரிமேட்டில் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மரும் இருக்கிறது, 1975 முதல் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரின் கொசு ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. இரண்டும் நம் வரிப்பணத்தில் நடப்பவை. கடலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து ஓ.பி. சீட்டுக்கு நிற்கிறவருக்கு, தன் நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று கேட்கும் உரிமை முழுசாக உண்டு. அதைத் தெரிந்துகொள்ள எந்த வழி நல்லது?

அமெரிக்கா 2009 பிப்ரவரியில் பொருளாதார மீட்புச் சட்டம் போட்டபோது, தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச்சுக்கு 1,040 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் ‘சேலஞ்ச் கிராண்ட்’ என்ற ஒரு ஆராய்ச்சி மானியத் திட்டத்துக்கு மட்டும் 20,000-க்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. சுமார் 840-க்குத்தான் பணம் கிடைத்தது. வாங்கியவர்கள் ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 10 நாளுக்குள், வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, எத்தனை பேருக்கு வேலை என்று எழுதித் தர வேண்டும். அது ரெக்கவரி.கவ் என்ற அரசு இணையதளத்தில் ஏறிவிடும். தன் ஊர் பின்கோடைத் தட்டினால் போதும், யாரிடமும் மனு போட வேண்டாம். அந்தக் கணக்கிலும் ஓட்டை இருந்தது. இல்லாத தொகுதிகளில் வேலை கிடைத்ததாகப் பதிவாகியிருந்தது. ஆனால் கணக்கு வெளியில் கிடந்ததால்தான் அந்தத் தப்பு சீக்கிரமே பிடிபட்டது. 2015-இல் தளத்தையே மூடிவிட்டது பெரிய குறை. நல்லவேளை, என்ஐஎச்சின் ‘ரிப்போர்ட்டர்’ தளம் இன்றும் இருக்கிறது. ஆராய்ச்சியாளர், தொகை, வெளிவந்த கட்டுரைகள் எல்லாம் அதில் பார்க்கலாம்.

நம் பக்கம் 2020 நவம்பரில், கொரோனா கால ஊக்கத் தொகுப்பில், தடுப்பூசி ஆராய்ச்சிக்காக கோவிட் சுரக்ஷா திட்டத்துக்கு 900 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இப்படிப்பட்ட பணத்தின் விவரம் வேண்டுமென்றால் சாதாரண ஆளுக்குக் கையில் இருப்பது 2005-இன் தகவல் உரிமைச் சட்டம், அதாவது ஆர்டிஐ. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், 30 நாள் காத்திருப்பு. பதில் சரியில்லையென்றால் மேல்முறையீடு, அதற்கும் மேலே டெல்லியில் மத்திய தகவல் ஆணையம். இந்த முறைக்கு ஒரு தனி பலம் உண்டு. கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்பையே கேட்கலாம். அமெரிக்கத் தளம் எவ்வளவு என்று சொல்லும். ஏன் இவருக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லாது.

இருந்தாலும் என் ஓட்டு கேட்காமலே காட்டும் முதல் முறைக்குத்தான். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு மட்டுமே ஆர்டிஐ உதவும். திட்டத்தின் பெயரே தெரியாத நோயாளி எதை எழுதுவார்? இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பட்ஜெட்டையும் பணம் கொடுத்த விவரத்தையும் அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. மானியம் வாங்கும் நிறுவனங்கள், பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை எப்படியும் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தத் தாளைத் திட்டவாரியாக, தமிழில் ஒரு வரி விளக்கத்தோடு, அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போடட்டும். கோப்புக் குறிப்பு வேண்டியவர் அதற்குமேல் ஆர்டிஐ போட்டுக்கொள்ளலாம்.