விம்மில் மார்க்டவுன்: கூடவே வருவது போதுமா, பிளகின் போட வேண்டுமா?

விம் என்ற உரைத் திருத்தியில் மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதி எச்டிஎம்எல் பக்கமாக மாற்றும் முறை) எழுத உட்காருபவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் நிற்கும். முதலாவது, விம்மோடு சேர்ந்தே வரும் கோப்புகள். டிம் போப் எழுதியவை. எதையும் தனியாக நிறுவ வேண்டாம். இரண்டாவது ப்ரிசர்விம் தொகுப்பில் உள்ள விம்-மார்க்டவுன் என்ற பிளகின், அதாவது தனியாக நிறுவும் துணை நிரல். பழைய ஆட்களுக்கு இது பிளாஸ்டிக்பாய் என்ற பெயரில் பழக்கம். மூன்றாவது விம்-பாண்டாக் என்ற இன்னொரு பிளகின். தேடினால் முதலில் கண்ணில் படுவது இரண்டாவதுதான், நிறையப் பேர் அதைப் போட்டுக்கொள்வதும் அதனால்தான். என் ஓட்டு முதலாவதற்கு, கூடவே விம்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் ஆறு வரிகளுக்கு.

தலைப்புக்கு ஒரு நிறம், இணைப்புக்கு ஒரு நிறம், கோட் பிளாக்குக்கு உள்ளே அந்தந்த மொழியின் நிறம் எல்லாம் மூன்றிலும் கிடைக்கும். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். பட்டியலில் ஒரு நீண்ட வரியை எழுதிவிட்டு ஜிகியூ (நீண்ட வரியைக் குறித்த அகலத்துக்கு உடைக்கும் கட்டளை) கொடுத்து மடக்கும்போதுதான் இவற்றின் குணம் வெளியே வரும்.

விம்முக்கு மார்க்டவுன் புல்லட் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது, நிரலுக்குள் எழுதும் குறிப்புகளுக்கான 'காமென்ட்ஸ்' என்ற அமைப்பு. வரியின் தொடக்கத்தில் எந்தக் குறி வந்தால் அதை எப்படி நடத்துவது என்று அதில் எழுதியிருக்கும். முதல் இரண்டு வழிகளும் புல்லட்டை ஒருவகைக் காமென்டாக வேடம் போட வைத்துத்தான் காரியத்தை முடிக்கின்றன. கூடவே வரும் கோப்பு, நட்சத்திரம், கோடு, கூட்டல் மூன்றையும் 'எஃப்பி' என்ற கொடியோடு பதிகிறது. எஃப் என்றால் முதல் வரியில் மட்டும் குறி. அடுத்த வரிகளுக்கு உள்தள்ளல் மட்டும் போதும் என்று பொருள். பி என்றால் குறிக்குப் பின்னால் வெற்றிடம் வேண்டும். ப்ரிசர்விம் பிளகின் அதே குறிகளை வெறும் 'பி' கொடியோடு பதிகிறது. எஃப் இல்லாததால் சி மொழிக் காமென்டை நடத்துவது போலவே விம் இதையும் நடத்தும்: மடங்கிய ஒவ்வொரு வரியிலும் குறி திரும்ப வரும். டெக்ஸ்ட்வித் (வரியின் அகலம்) 45 என்று வைத்து ஒரே நீள வரியாக இருந்த ஒரு புல்லட்டை மடக்கினால் கிடைப்பது இது:

* வாரச்சந்தைக் கணக்கை வியாழன் மாலைக்குள்
* முடித்து அனுப்ப வேண்டும், தாமதமானால்
* தொலைபேசியில் சொல்ல வேண்டும்

எழுதியது ஒரு புல்லட், எச்டிஎம்எல்லில் வருவது மூன்று. திரையில் பார்க்க ஒழுங்காகவே இருப்பதால் உடனே கண்ணில் படாது. கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஏற்றி, பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரியும்.

இது பிளகின்காரர்களுக்குத் தெரியாத பிழை என்று சொல்ல முடியாது. அவர்களுடைய விளக்கக் குறிப்பிலேயே, தானாகப் புல்லட் போடுவது மடக்கும்போது தொல்லை தரலாம் என்று எழுதி, அணைக்கும் வழியையும் சொல்லியிருக்கிறார்கள்: விம்_மார்க்டவுன்_ஆட்டோ_இன்சர்ட்_புல்லட்ஸ் என்ற மாறியை 0 ஆக்க வேண்டும், கூடவே விம்_மார்க்டவுன்_நியூ_லிஸ்ட்_ஐட்டம்_இன்டென்ட் என்பதையும் 0 ஆக்க வேண்டும். இரண்டாவதை மறந்தால், ஒரு புல்லட்டுக்குக் கீழே புதுவரி திறந்து அடுத்த புல்லட்டைத் தட்டும்போது அது 4 இடம் தள்ளி உள்பட்டியலாகிவிடும். இயல்பு மதிப்பே 4தான். இரண்டையும் அணைத்துவிட்டால் மடக்கல் சரியாகும். ஆனால் என்டர் தட்டினால் தானாக வரும் புல்லட்டும் போய்விடும். பலர் இந்தப் பிளகினைப் போடுவதே அதற்காகத்தான்.

எந்தக் கோப்பு கடைசியாகக் கை வைத்தது என்று குழப்பமாக இருந்தால், மார்க்டவுன் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ':வெர்போஸ் செட்லோக்கல் காமென்ட்ஸ்?' என்று கேளுங்கள். இப்போதைய மதிப்பையும் அதை எழுதிய கோப்பின் பாதையையும் விம் சேர்த்தே காட்டும். இரண்டு பிளகின் சண்டை போடும் இடத்தில் இதைவிட நல்ல கருவி இல்லை. 'ஃபார்மேட்ஆப்ஷன்ஸ்' (வரியை மடக்கும் விதிகள்), 'கன்சீல்லெவல்' (குறிகளைத் திரையில் மறைக்கும் அளவு) இரண்டுக்கும் இதே வழிதான்.

இனி அந்த ஆறு வரிகள். நான்கு விம்ஆர்சியில் ஜி: என்று தொடங்கும் மாறிகளாக, இரண்டு சாதாரண அமைப்புகளாக.

மார்க்டவுன்_ஃபென்ஸ்ட்_லாங்வேஜஸ்: கோட் பிளாக்குக்குள் நிறமிட வேண்டிய மொழிகளின் பட்டியல். பைத்தான், எச்டிஎம்எல் என்று அப்படியே எழுதலாம். எழுதும் பெயர் ஒன்றும் விம் அறிந்த பெயர் வேறாகவும் இருந்தால் 'பேஷ்=எஸ்எச்' என்று இணைக்க வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் அதன் முழு நிறக்கோப்பும் ஏறும் என்பதால் உண்மையில் எழுதும் நான்கைந்தோடு நிறுத்துங்கள்.

மார்க்டவுன்_மின்லைன்ஸ்: இயல்பாக 50. திரைக்கு மேலே எத்தனை வரி பின்னோக்கிப் பார்த்து நிறத்தை முடிவு செய்வது என்ற எண் இது. 50 வரிக்கு மேல் நீளும் கோட் பிளாக்கின் நடுவே குதித்தால், தான் பிளாக்குக்குள் இருப்பதே விம்முக்குத் தெரியாமல் நிறம் கலைந்துபோகும். 200 வைத்தால் பெரும்பாலும் தீரும். ஆயிரக்கணக்கில் ஏற்றினால் உருட்டும்போது திணறும்.

மார்க்டவுன்_சின்டாக்ஸ்_கன்சீல் = 0: நட்சத்திரங்களும் இணைப்பு முகவரிகளும் மறையாமல் இருக்க. விம்மில் கன்சீல்லெவல் இயல்பாக 0 தானே, இது எதற்கு என்று கேட்கலாம். உள்தள்ளல் கோடு காட்டும் பிளகின்களில் சில அதைச் சத்தமில்லாமல் 2 ஆக்கிவிடும். அப்போது மார்க்டவுன் குறிகள் காணாமல் போகும். பழி மார்க்டவுன் பிளகின் மேல் விழும்.

மார்க்டவுன்_ஃபோல்டிங் = 1: தலைப்பு வாரியாக மடிப்பு. இத்துடன் ஐந்தாவதாக ஃபோல்ட்லெவல் 99 வைத்தால் கோப்பு விரிந்தே திறக்கும். ப்ரிசர்விமில் நிலைமை தலைகீழ். மடிப்பு தானாகவே இயங்கும், திறந்ததும் கோப்பு சுருண்டு கிடக்கும். வேண்டாமென்றால் நீங்கள்தான் அணைக்க வேண்டும்.

ஆறாவது, ஆட்டோஇன்டென்ட்: மேல்வரியின் உள்தள்ளலைப் புதுவரிக்கும் கொடுக்கும் அமைப்பு. எண் பட்டியல் மடங்கும்போது அடுத்த வரி எண்ணுக்கு அடியில் போகாமல் எழுத்துக்கு நேராக நிற்க, ஃபார்மேட்ஆப்ஷன்ஸில் 'என்' இருக்க வேண்டும். அதைக் கூடவே வரும் கோப்பே போட்டுவிடும். ஆனால் ஆட்டோஇன்டென்ட் இல்லாமல் அது வேலை செய்யாது.

புதிய பதிப்புகளில் டேபை 4 வெற்றிடமாக்கும் வழக்கமும் உண்டு. பிடிக்காதவர்கள் மார்க்டவுன்_ரெக்கமென்டட்_ஸ்டைல் என்பதை 0 ஆக்கி 2க்கு மாறுகிறார்கள். மாறாதீர்கள். '1. ' என்று தொடங்கும் வரிக்கு உள்பட்டியல் வைக்கக் குறைந்தது 3 வெற்றிடம் வேண்டும், '10. ' என்றால் 4. 2 வெற்றிடத்தில் அது உள்பட்டியலாகவே ஆகாது.

ப்ரிசர்விமுக்கு உரியதையும் சொல்ல வேண்டும். ':டாக்' கொடுத்தால் தலைப்புகள் தனிச் சாளரத்தில் வரும். ':ஹெடர்இன்கிரீஸ்' ஒரு பகுதியின் தலைப்புகள் அத்தனையையும் ஒரு படி மாற்றும். சம நிலைத் தலைப்புக்கும் தாய்த் தலைப்புக்கும் தாவத் தனி விசைகள் உண்டு. நூறு பக்கக் கையேட்டை ஒரே கோப்பில் வைத்திருப்பவருக்கு இவை உண்மையான லாபம். டாக்குக்கு மாற்றாக ':எல்விம்கிரெப் /^#/ %', பிறகு ':எல்ஓப்பன்' என்று ஒப்பேற்றலாம். ஆனால் ஷெல் நிரலின் # காமென்டுகளும் தலைப்பு என்று பட்டியலில் ஏறிக்கொள்ளும்.

அட்டவணை சீராக்கும் ':டேபிள்ஃபார்மேட்'டுக்கு டேபுலர் என்ற இன்னொரு பிளகின் வேண்டும், பட்டியலில் அது முன்னால் வர வேண்டும். ஆங்கிலத்தில் அழகாக வேலை செய்யும். தமிழ் எழுத்துகள் முனையத்தின் சமகட்டங்களில் சரியாக உட்காருவதில்லை. 'கௌ'வும் 'ட'வும் ஒரே அகலமா என்ன? எனவே செங்குத்துக் கோடுகள் நேராக நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எச்டிஎம்எல்லுக்கு அதனால் பாதகமில்லை.

தமிழில் எழுதுபவருக்கு, விம்மோடு கூடவே வரும் முதலாவதிலும் ஒரு பொறி உண்டு. சொல்லுக்கு நடுவே வரும் அடிக்கோட்டைச் சாய்வெழுத்தாகக் கருதக்கூடாது என்பதற்கு அது பார்க்கும் விதி, முன்னால் 'டபிள்யூ' வகை எழுத்து இருக்கிறதா என்பதுதான். விம்மில் அந்த வகையில் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே சேரும். ஆகவே 'படம்_ஒன்று' என்று கோப்புப் பெயர் எழுதினால் அங்கிருந்து பத்தி முடியும்வரை சாய்ந்துவிடும். காமன்மார்க் என்ற மார்க்டவுன் தர வரையறையின் விதிப்படி அது சாய்வல்ல, பக்கத்தில் சரியாகவே வரும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: (அ) என்பதன் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டு, அதை ஒட்டியே 'வை' என்று எழுதினால் விம் தடிமனாகக் காட்டும், பக்கத்தில் நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும். முடிக்கும் குறிக்கு முன்னால் அடைப்பும் பின்னால் எழுத்தும் வந்தால் காமன்மார்க் அதை முடிவாக ஏற்காது. விகுதியையும் உள்ளே சேர்த்துத் தடிமனாக்குவதே வழி.

விம்-பாண்டாக் வேறு ஊர்க்காரர். ஆய்வுக் கட்டுரை, மேற்கோள் பட்டியல், அடிக்குறிப்பு என்று வேலை செய்பவருக்கு மேற்கோள் சாவிகளைத் தானாக நிரப்பித் தருவது இதன் பலம். நிறத்துக்கு விம்-பாண்டாக்-சின்டாக்ஸ் என்ற தனிப் பிளகினும் வேண்டும், ஆவணங்களை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாண்டாக் நிரலும் கணினியில் இருக்க வேண்டும். இது ஃபைல்டைப்பை (கோப்பின் வகையை) 'பாண்டாக்' என்று மாற்றிவிடுவதால், மார்க்டவுனுக்கென்று நீங்கள் எழுதிவைத்த ஆட்டோகமாண்டுகளும் (தானாக ஓடும் கட்டளைகளும்) துணுக்குகளும் வேலை செய்யாது. தமிழில் பிடிஎஃப் எடுப்பவர்கள் பிடிஎஃப்-எஞ்சினை ஜீலாடெக் என்றும், மெயின்ஃபான்ட்டைத் தமிழ் எழுத்துரு என்றும், மெயின்ஃபான்ட்ஆப்ஷன்ஸை 'ஸ்கிரிப்ட்=டமில்' என்றும் கொடுக்க வேண்டும். கடைசியை விட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இந்தப் பிளகினை நீண்ட நூல் அளவில் ஓட்டிய அனுபவம் எனக்குக் குறைவு என்பதால் அதன் வேகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வரியை மடக்காமல், ஒரு பத்தியை ஒரே நீள வரியாக விட்டு திரையில் மட்டும் சொல் உடையாமல் மடக்கிக் காட்டும் 'ராப்', 'லைன்பிரேக்' இரண்டையும் வைத்து எழுதுபவரா நீங்கள்? மேலே சொன்ன புல்லட் தகராறு உங்களுக்கு வரவே வராது. அப்படியானால் ப்ரிசர்விமைத் தயங்காமல் போடலாம். ஜிகியூவை மட்டும் பட்டியல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.