செடியைத் தொடுவதா, மரத்தில் ஒளி பாய்ச்சுவதா?

பெங்களூரு அல்சூரில், பொங்கலுக்கு நம் பிள்ளைகள் தொட்டு விளையாட ஒரு கலை அமைப்பு செய்யலாம் என்று பேச்சு வந்தது. இரண்டு யோசனைகள் இருக்கின்றன.

ஒன்று, தொட்டால் ஒலிக்கும் செடி. தொட்டி மண்ணில் ஒரு கம்பியைச் செருகி, ஈஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டின் தொடு முனையில் (தொடுதலை உணரும் முனை) இணைக்க வேண்டும். செடிக்குள் இருக்கும் உப்பு கலந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். விரல் இலையில் பட்டதும் மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறன், மாறும், அதை போர்டு கண்டுபிடித்து ஒலியாக்கும். தொடுதலை உணரும் எம்பிஆர்121 சில்லு ஒன்று இருந்தால் 12 தொட்டிகள் வரை வைக்கலாம். மண் காய்ந்தால் போர்டு காட்டும் அளவும் மாறிவிடும், தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி சரிபார்க்க வேண்டும். இதை நான் குறையாக நினைக்கவில்லை. செடியின் தாகம் கருவியில் தெரிவதை வேறு எப்படிக் குழந்தைக்குக் காட்டுவது? கற்றாழை, மணிபிளாண்ட் நல்லது. துளசி வேண்டாம், பல கை பட்டால் வாடிவிடும்.

இன்னொன்று, ஏரிக்கரை மரத்தில் ப்ரொஜெக்டர் ஒளி. ஆள் அசைவதைக் கேமரா பார்க்கும், அதற்கேற்ப வண்ணம் மாறும். பெரிய கூட்டத்துக்கு இதுதான் எடுபடும், உண்மை. ஆனால் ஜனவரியிலும் இங்கே ஆறு மணிக்கு மேல்தான் பொழுது சாய்கிறது. அப்புறம், கூடு திரும்பும் பறவைகள் மேல் அந்த வெளிச்சத்தை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

என் ஓட்டு செடிக்குத்தான். ஒரு பிள்ளை இலையைத் தொட, மற்றவர்கள் அவளோடு கைகோத்து நின்றால் மின்தேக்கம் இன்னும் கூடும். அதற்கென்று தனி ஒலி வைக்கலாம்.