ஆத்தங்குடிக் கல் பட்டறைக்குக் கூகுள் ஷீட்ஸ்: ஆர்டர் நோட்டாகத் தேறும், பில் புத்தகமாகத் தேறாது

ஆத்தங்குடிக் கல்லுக்கு (கையால் செய்யும் சிமென்ட் தரைக் கல்) வெளியூர் ஆர்டர் வாட்ஸ்அப்பில் வந்தால் டிசைன் போட்டோ ஓரிடத்தில், சதுர அடி இன்னோரிடத்தில், பார்டர் பற்றிய வாய்ஸ் மெசேஜ் வேறெங்கோ கிடக்கும். அதையெல்லாம் ஒரே இடத்தில் வைக்க, கட்டம் கட்டமாகக் கணக்கெழுத உதவும், சந்தா இல்லாத கூகுள் ஷீட்ஸ் செயலி நன்றாகவே உதவுகிறது. ஒரு நிபந்தனை: முதல் தடவை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அமைக்க வேண்டும். கணக்குப் போடும் கட்டங்களில் யாரும் கைவைக்காதபடி பூட்டும் வசதி அங்கேதான் சரியாகக் கிடைக்கிறது.

இதன் பெரிய லாபம் கல் எண்ணிக்கை. சதுர அடியை 144-ஆல் பெருக்கி, கல்லின் பக்க அளவை (அங்குலத்தில்) அதே பக்க அளவால் பெருக்கி வரும் தொகையால் வகுத்து, உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்தால் போதும். 300 சதுர அடி ஹாலுக்கு 8 அங்குலக் கல் 675, உடைசலோடு 709. அதுவே 10 அங்குலம் என்றால் 432, உடைசலோடு 454. சூத்திரத்தை ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு அளவை மட்டும் தட்டினால் போதும். பார்டர் கல்லை இதில் சேர்க்காதீர்கள். அதை ஓட்ட அடியில் (அகலம் பாராமல் நீளத்தை மட்டும் அளக்கும் அடி) தனியாகக் கணக்கிட வேண்டும்.

அளவை '8-8' என்று எழுதினால் ஷீட்ஸ் அதை ஆகஸ்ட் 8 என்று தேதியாக்கிவிடும், கணக்கு எங்கோ போகும். வெறும் 8 என்று போடுங்கள். போன் எண்ணை +91 என்று தொடங்கி இடைவெளி விட்டு எழுதினாலும் சூத்திரம் என்று நினைத்துப் பிழை காட்டும். அந்தப் பத்தியை (மேலிருந்து கீழே போகும் காலம்) முதலிலேயே வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றி வைப்பது நல்லது. நிலவரப் பத்தியில் 'வார்த்தது, தொட்டியில், காய்கிறது, லாரியில்' என்று நாலே வார்த்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக்கினால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வராது. சிமென்ட் கையோடு யாரும் போனைத் தொடப்போவதில்லை. மாலையில் ஒருவர் பதிந்தால் போதும்.

ஃபைல் பட்டறையின் பெயரிலுள்ள கூகுள் கணக்கில் இருக்கட்டும். ஊழியரின் சொந்தக் கணக்கில் இருந்தால் அவர் போகும்போது சாவியும் போய்விடும். 'இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்' என்ற அனுமதி வேண்டவே வேண்டாம். இணைப்பு எப்படியோ ஏதாவதொரு குரூப்புக்குப் போய்விடும்.

தடித்த சுவருக்குள் சிக்னல் செத்துப்போகும் வீடுகளில் அளவெடுக்கப் போவோர், ஃபைலை முன்கூட்டியே ஆஃப்லைனுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே கட்டத்தை இருவர் அப்படித் திருத்தினால் கடைசியாக நெட்டில் சேர்ந்ததே நிற்கும். ஆளுக்கொரு வரிசை கொடுத்தால் பிரச்சினை இல்லை.

இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் இதே இடம்தான்; ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதையே தின்னும். நிரம்பினால் மெயில் வருவதும் நின்றுவிடும். டிசைன் படங்களை ஷீட்டுக்குள் ஒட்டாமல் டிரைவ் ஃபோல்டரில் போட்டு, அதன் இணைப்பை மட்டும் வரிசையில் வையுங்கள்.

ஜிஎஸ்டி பில், பாக்கி வசூல் இரண்டையும் இதில் ஓட்டப் பார்க்க வேண்டாம். அதற்குத் தனி பில்லிங் மென்பொருளே சரி. கலரையும் போன் திரையை நம்பி முடிவு செய்யக்கூடாது; ஒரே சிவப்பு இரண்டு போனில் இரண்டு விதமாகத் தெரியும். மாதிரிக் கல் ஒன்றைக் கூரியரில் அனுப்பி, வாங்குபவர் சரி சொன்ன தேதியை ஷீட்டில் ஒரு பத்தியாக வைத்துவிடுங்கள்.